சந்தேகப் பட்டியலில் வலது கால்

நடந்தவை, வரிசையாக:

1. தசரா விடுமுறையில் அக்கா தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்க சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றினார்.

2. அதன் பிறகு டிராக்கில் ஓட்டிய முதல் நாளே, வேகமான ஒரு வளைவில் காரின் பின்புறம் வழுக்கியது. கார் சுழன்று, வந்த வழியைப் பார்த்தபடி புல்லில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை.

3. அங்கிருந்த ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். அதிகம் பேர் சொன்ன காரணம் அக்காவின் வலது கால்.

4. காரணம் தெரியாமல் இனி டிராக்கில் ஓட்டமாட்டேன் என்று அக்கா சொன்னார். அந்த சீசனின் கடைசி டிராக் நாளுக்குள் தெரியாவிட்டால் அடியோடு நிறுத்திவிடுவதாகவும் சொன்னார்.

5. காரணம் கிடைத்தது. அது கிடைக்கக் கூடாது என்று ஜெபம் செய்துகொண்டிருந்தவர் வழியாகவே கிடைத்தது.

6. அதற்குப் பிறகு அக்கா ஒரு காரியம் செய்தார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் அந்த அக்காவின் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். சேலத்திலிருந்து வேலைக்கு வந்திருந்தேன். வண்டிகளின் குலுக்கலை அளந்து அறிக்கை எழுதும் வேலை. கீழ்வீட்டில் அக்காவும் அவருடைய அப்பாவும். அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். ஒரு மருத்துவமனையில் காது சோதிப்பவராக வேலை பார்த்தார். சத்தம் புகாத சின்ன அறையில் ஒருவரை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அக்கா அவ்வப்போது எந்தச் சத்தமும் கொடுக்காமல் சும்மா காத்திருப்பாராம். அப்போதும் பட்டனை அழுத்துகிறவர்கள் உண்டு.

"பொய் சொல்றாங்கன்னு நினைக்காத," என்றார் என்னிடம் ஒருமுறை. "கேட்கணும்னு ஆசை. அவ்வளவு ஆசை இருந்தா நிஜமாவே கேட்கும். அவங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் உனக்கும் அப்படித்தான்."

'எனக்கும்' என்ற அந்தச் சொல்தான் அவர். அதை அவர் சொன்ன அளவுக்கு வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில், ஆராதனைக்கு முன், ஹெண்ணூர் பக்கம் காலியான சாலை ஒன்றில் காரை ஓட்டிப் பார்ப்பார். என்னையும் கூட்டிப்போவார். என் வேலை விசித்திரமானது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, நான் பின் டயர்களில் காற்றை இறக்க வேண்டும். அல்லது இறக்குவதுபோல் 'புஸ்' என்று சத்தம் கேட்கச் செய்துவிட்டு அதே அளவு திரும்ப நிரப்பிவிட வேண்டும். எதைச் செய்தேன் என்று சொல்லக் கூடாது. அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மாறியிருக்கிறதா இல்லையா என்று சொல்வார். ஒரு நாள் நான் வேண்டுமென்றே எல்லாத் தடவையும் வெறும் 'புஸ்' மட்டும் செய்தேன். அவர் வந்து இறங்கி, கண்ணெல்லாம் பளபளக்க, "இப்ப பாரு, பின்னாடி சூப்பரா பிடிக்குது!" என்றார்.

"ஒண்ணுமே மாத்தலக்கா."

அந்தச் சாலையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "பட்டன அழுத்திட்டேன்!" என்று காரின் கூரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வேறு யாராக இருந்தாலும் என் மேல் கோபம் வந்திருக்கும்.

கார் ஜப்பானில் செய்தது. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, என்னைவிட வயது கூடியது, வெயிலில் வெளுத்த சிவப்பு. அது எப்படி இவர்களிடம் வந்தது என்று நான் கேட்டதில்லை. அவருடைய அப்பா, தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காரை 'மருமகன்' என்றுதான் சொல்வார். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன மகளின் மேல் அவருக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்த ஒரு சொல்லில் கரைந்துவிட்டிருந்தது. "என்ன, இன்னைக்கு மருமகன் இருமுறாரு?" என்பார். "கொஞ்சம் கஷாயம் வச்சுக் குடுக்கவா?"

அவரை நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். அங்கிளுக்குக் காது மந்தம். மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷினைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார். "உலகத்துக்கே காது பாக்குறா. வீட்ல அப்பனுக்குக் கேட்கல," என்பார் விருந்தாளிகளிடம். "ஆன் பண்ணாதானே கேட்கும்?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

அக்கா யாருக்கும் ஒப்புக்கு 'நல்லா இருக்கு' சொல்லமாட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டபடி நின்றார். அக்கா மென்று பார்த்து, "போன வருஷம் அளவுக்கு இல்ல ஆன்ட்டி," என்றார். ஆன்ட்டியின் முகம் மாறியது. அக்கா நியாயமாகத் தொடர்ந்தார்: "ஆனா போன வருஷம் நான் சாப்பிடாம வந்து தின்னேன். பசியா இருந்திருக்கும். அதனால உறுதியா சொல்ல முடியாது." ஆன்ட்டி ஈஸ்டர் வரை பேசவில்லை.

அவர் பிறரிடம் இப்படி என்றால், தன்னிடம் இன்னும் ஒரு படி மேலே. சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவார். ஒரு சாயங்காலம் ஒத்திகையைக் கேட்க என்னையும் கூட்டிப்போயிருந்தார். நடத்துகிறவர் பாட்டை நிறுத்தி, "பெண்கள் பக்கம் யாரோ சுருதி இறங்குறீங்க," என்றார். எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள். அக்கா கையைத் தூக்கினார்.

"நானா இருக்கலாம் சார். நான் இல்லாம ஒரு தடவ பாடிப் பாக்கலாமா?"

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழு பாடியது. சுருதி அதே இடத்தில் இறங்கியது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. அக்கா மறுபடி போய்த் தன் இடத்தில் நின்றார். வலப்பக்கமும் பார்க்கவில்லை, இடப்பக்கமும் பார்க்கவில்லை. 'பாத்தீங்களா, நான் இல்ல' என்பது அவர் முகத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு அன்றைக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. கூடவே, இவரோடு ஒரு குழுவில் பாடுவது கஷ்டம் என்றும் தோன்றியது.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை தன் வழக்கத்தை மீறினார். அது அந்தத் தசரா.

காரின் பின்பக்கத்துக்கான உதிரி பாகங்கள் வெளிநாட்டிலிருந்து ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. கெட்டியான ஸ்பிரிங், புது ஷாக் அப்ஸார்பர், இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் தடித்த கம்பி, பளிச்சென்று சிவப்பாக நான்கைந்து புஷ்கள். புஷ் என்பது இரும்புக் கைகள் காரோடு சேரும் மூட்டில் இருக்கும் மெத்தை. பழைய காரில் அது ரப்பர். பெட்டியில் வந்தது கடினமான பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள். நகத்தால் அழுத்தினால் இறங்காது. டிராக்கில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று விற்றவர்கள் எழுதியிருந்தார்கள்.

மேம்பாலத்துக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் முதலாளி ஸ்ரீராம்புரத்துக்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். ஆயுதபூஜைக்கு ஸ்பானர்களையெல்லாம் கழுவிக் குங்குமம் வைத்து, அக்காவின் காருக்கும் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காயும் உடைத்துவிட்டார். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, பரவால்ல மேடம். வண்டி நம்ம ஷாப்புல நிக்குது இல்ல?" என்றார். விடுமுறையில் வேறு வண்டி வராது, லிஃப்ட் காலி. "எல்லாத்தையும் ஒரேடியா போட்டுரோணா மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணா ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்."

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதுதான் அக்காவின் முறை. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்தபோது அவர் முகம் பத்து வயதுக் குழந்தையின் முகமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரேடியாகப் போட்டோம்.

டிராக் சென்னைக்குக் கொஞ்சம் முன்னால். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக விடியுமுன் கிளம்பிப் போகும் பாதை. அன்றைக்கு நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவின் நடுவில் சிவப்புக் காரின் பின்புறம் திடீரென்று வெளியே போனது. அது மெல்ல வழுக்கவில்லை. யாரோ எட்டி உதைத்தது போல் போனது. சுழன்று, தூசி கிளப்பி, நின்றது. கொடி காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா பம்பரில் புல் தொங்க மெதுவாக ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆண்கள் கூடிவிட்டார்கள். டயர் என்றார் ஒருவர். பெட்ரோல் கசிவில் வழுக்கியது என்றார் இன்னொருவர். விலை உயர்ந்த புதுக் காரோடு ஒவ்வொரு முறையும் வருகிற சென்னைக்காரர் ஒருவர் கூலிங் கிளாஸைக் கழற்றாமல் சொன்னார்: "சிம்பிள் மேடம். வளைவுல பயந்து ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டீங்க. எடை முன்னாடி வந்துரும், பின்னாடி லேசாயிரும், சுத்திரும். லேடீஸ் நிறைய பேர் பண்றதுதான்."

"எடுத்தேனான்னு ஞாபகம் இல்ல சார்," என்றார் அக்கா. "இருக்கலாம்."

திரும்பும் வழியில் ஆம்பூருக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினோம். அக்கா கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மூணு சந்தேகம்," என்றார். "டயர். பின்பக்கம் புதுசா போட்டது. என் கால்."

"கால எதுக்குக்கா சேர்க்குறீங்க? அந்தாளு சொன்னதுக்கா?"

"அவர் சொன்னாருன்னு சேர்க்கவும் கூடாது, அவர் சொன்னாருன்னு விட்டுடவும் கூடாது." டீயை ஒரு வாய் குடித்தார். "தெரியாம திரும்ப அந்த வளைவுக்குள்ள போகமாட்டேன். சீசன் முடியறதுக்குள்ள தெரியலன்னா விட்டுடறேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அந்த டிராக் அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். "நாள் பூரா அடுத்தவங்களுக்குக் கேட்குதான்னு பாத்துட்டு இருக்கேன்," என்று முன்பொருமுறை சொல்லியிருந்தார். "அந்த அறைல எனக்குன்னு ஒரு சத்தமும் கிடையாது. டிராக்ல மட்டும்தான் எனக்கு முழுசா கேட்குது. எஞ்சின், டயர், என் மூச்சு."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அங்கிள் ரொம்ப வேகமாகச் சம்மதித்தார். "நல்ல முடிவு. தெரியலன்னா விட்டுடணும். அதான் நியாயம்." அன்றைய குடும்ப ஜெபத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னார்: "ஆண்டவரே, எங்களுக்குத் தெரிய வேண்டியதத் தெரியப்படுத்தும். தெரிய வேண்டாததை, உமது சித்தப்படி, மறைச்சே வையும்."

"அப்பா. எனக்குக் கேட்குது."

"ஜெபத்துல குறுக்கப் பேசாதம்மா."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றைக் கழற்றிப் பழையதைப் போட்டோம். முன்பு கழற்றிவைத்த பழைய டயர். பழைய கம்பி. பழைய ஷாக் அப்ஸார்பர். பழைய ஸ்பிரிங். சாதாரணச் சாலையில், சாதாரண வேகத்தில், எதுவும் பிடிபடவில்லை. கார் நன்றாகவே ஓடியது. சிவப்புப் புஷ்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றை எடுக்க முழு இரும்புக் கையையும் கழற்றிப் பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தித் தள்ள வேண்டும். தவிர, அவை புதியவை, அழகானவை. ஒர்க்‌ஷாப்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏனும் இல்ல மேடம், ஒரு கொறையும் இல்ல, இது கல்லு மாதிரி இருக்குது," என்று பாராட்டினார்.

நாட்கள் போயின. அக்கா காரைக் கழுவுவதை நிறுத்தினார். உறையைப் போட்டு மூடினார். ஒரு மாலை படிக்கட்டில் என்னைப் பார்த்து, "கால்தான் போல," என்றார் சாதாரணமாக. நான் மறுத்துப் பேசினேன். "ஏன் இல்லன்னு சொல்ற? சோதிச்சியா?" என்றார். சமாதானம் சொல்லப் போகிறவர்களுக்கு அவர் வீட்டில் வேலையே கிடையாது.

பிறகு அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆளாளுக்கு விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுபோய்ப் படைக்கும் நாள்; நிலம் இல்லாத லிங்கராஜபுரத்தில் அது அரிசி மூட்டையும் வாழைத்தாரும் பூசணிக்காயுமாகக் கடையிலிருந்து வரும். அங்கிள் இரண்டு மூட்டை அரிசி வாங்கியிருந்தார். அன்றைக்கென்று ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை.

"மருமகன கூப்பிடு," என்றார் அங்கிள். "சும்மாதானே தூங்குறாரு."

உறையை எடுத்து, டிக்கியைத் திறந்து, கடைக்காரர் மூட்டைகளை உள்ளே வைத்துவிட்டுப் போனார். அங்கிள் இரண்டு அடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டு மூட்டை ஏத்தியும் ஒரு விரக்கட குனியல பாரு. திமிரு. எனக்கெல்லாம் மாமனார் வீட்ல முதுகு வளைஞ்சே போச்சு." இதைச் சொல்லிக்கொண்டே டிக்கியின் விளிம்பில் தன் பாரம் முழுவதையும் வைத்து உட்கார்ந்தார்.

'டக்' என்று ஒரு சத்தம். காரின் பின்புறம் சட்டென்று கீழே இறங்கியது. அங்கிள் துள்ளி எழுந்தார்.

"அய்யய்யோ! உடைச்சிட்டேனா?"

அக்கா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "என்ன சத்தம்ப்பா அது?"

"மெஷின் ஆஃப்ல இருக்கு. எனக்குக் கேட்கல. பின்பக்கத்துலதான் உணர்ந்தேன்."

அக்கா மூட்டைகளை இறக்கச் சொன்னார். இறக்கினோம். கார் எழவில்லை. இறங்கியபடியே நின்றது. நான் பம்பரைப் பிடித்து மேலே தூக்கினேன். மறுபடி 'டக்'; எழுந்துகொண்டது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மேலே ஓடிப்போய் வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். பின் சக்கரத்தைத் தாங்கும் நீண்ட இரும்புக் கை, சக்கரம் ஏறும்போது நேராக மேலே போவதில்லை. கொஞ்சம் முறுக்கிக்கொண்டு போகிறது. ரப்பர் அந்த முறுக்குக்கு இடம் கொடுக்கும். கல் மாதிரியான சிவப்புப் புஷ் கொடுக்காது. கை சிக்கிக்கொள்ளும். பாரம் கூடக் கூடப் பொறுத்திருந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று விடும். நேர்ச்சாலையில் அது தெரியாது. வேகமான வளைவில், ஒரு பக்கம் முழுப் பாரமும் சாய்ந்திருக்கும்போது விட்டால், எட்டி உதைத்தது போல்தான் இருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அந்தக் கையை வெறும் கையால் தூக்கிப் பார்த்தோம். தானாக விழ வேண்டியது, தூக்கிய இடத்தில் அந்தரத்தில் நின்றது. ஒர்க்‌ஷாப்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா குனிந்து, அந்தச் சிவப்பு வளையத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிளிடம் சொன்னபோது அவர் மெஷினை ஆன் செய்து முழுவதையும் கேட்டார். பிறகு கூரையைப் பார்த்து, "நான் மூட்டைய தலைல தூக்கிட்டுப் போயிருக்கணும்," என்றார்.

புது ரப்பர் புஷ்களைப் போட்டோம். அவற்றின் போல்ட்டுகளை லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. தரையில், காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும். அதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். ஒர்க்‌ஷாப்காரர் முனகிக்கொண்டே காரடியில் மல்லாந்து படுத்து இறுக்கினார். ஸ்பிரிங்கும் ஷாக்கும் கம்பியும் புதியவையே திரும்பப் போயின, ஆனால் இந்த முறை ஒவ்வொன்றாக, வாரம் ஒன்றாக.

சீசனின் கடைசி நாளுக்கு ஒர்க்‌ஷாப்காரரும் எங்களோடு வந்தார். என் கணக்கில் விஷயம் முடிந்திருந்தது. குற்றவாளி அகப்பட்டாயிற்று. அக்கா ஓட்டி ஜெயிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் காரில் ஏறுமுன், "இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு," என்றார். எனக்கு விளங்கவில்லை.

சுவரோரம் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. அதே வளைவில், முதலில் குறைந்த வேகத்தில், நடுவில் வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் சத்தம் சட்டென்று விழுவது எனக்குக் கேட்டது. கார் கோடு மாறாமல் போனது. அடுத்த சுற்றில் கொஞ்சம் கூடுதல் வேகம், மறுபடி எடுத்தார். பிறகு இன்னும் கூடுதல். கடைசியாக ஒரு சுற்றில், காலை எடுத்ததும் பின்புறம் வெளியே நகர்ந்தது. ஒர்க்‌ஷாப்காரர் ஏதோ ஒரு சாமியைக் கன்னடத்தில் கூப்பிட்டார். கார் வழுக்கியது, யோசித்தது போல ஒரு கணம் இருந்தது, அக்கா ஸ்டீயரிங்கைத் திருப்பப் பின்புறம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. கார் வளைவை முடித்துக்கொண்டு போனது.

அவர் உள்ளே வந்து இறங்கினார். இந்த முறை கதவைப் பிடிக்கவில்லை. "நான் அவத்தே, அன்னைக்கே சொன்னேன் மேடம்," என்று குதித்தார் ஒர்க்‌ஷாப்காரர், "உங்க மேல தப்பே இல்ல! அந்த புஷ்தான்!" நான் ஏற்கெனவே கூலிங் கிளாஸ்காரர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். எதைச் சொல்ல வேண்டும் என்று வரி வரியாக யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அக்கா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நேராக அவரிடம் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், அன்னைக்கு நீங்க சொன்னது பாதி சரி," என்றார் அக்கா.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எது மேடம்?"

"புஷ் சிக்கிக்கிட்டு இருந்தது. அது வண்டியோட குறை, நான் போட்ட குறை. ஆனா காலையும் எடுத்திருக்கேன். இன்னைக்கு வேணும்னே எடுத்துப் பாத்தேன். எடுத்த உடனே வயிறு அப்படியே கீழ இறங்குச்சு. அன்னைக்கும் அதேதான் இருந்தது, இப்பதான் ஞாபகம் வருது. கால் அப்படியே இருந்திருந்தா, அந்த புஷ்ஷோட கூட ஒருவேளை தப்பிச்சிருப்பேன்."

"ஓ," என்றார் அவர்.

"லேடீஸ்னு சொன்னது மட்டும் தப்பு. அதுக்கு உங்ககிட்ட ஆதாரம் கிடையாது."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தன் புதுக் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குரலைத் தணித்தார். "எனக்கும் போன தடவ சுத்திருச்சு மேடம். எல்லார்கிட்டயும் டயர்னு சொல்லிட்டேன்."

"பாத்தீங்களா டயர?"

"இல்ல."

"பாருங்க," என்றார் அக்கா. "டயராவும் இருக்கலாம்."

திரும்பும் வழி முழுவதும் எனக்கு ஆறவில்லை. வேலூர் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன். "அந்தாளுகிட்ட எதுக்குக்கா சொன்னீங்க? புஷ்ஷுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். பொய்யும் இல்ல. இனி ஆயுசுக்கும் பெருமையடிப்பான்."

"அவருக்காக எங்க சொன்னேன்?" என்றார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "புஷ்ஷுன்னு மட்டும் சொன்னா, பத்துப் பேர் ஆமான்னுவாங்க. பத்து தடவ கேட்டா எனக்கும் அதுதான் நிஜம்னு ஆயிரும். அப்புறம் அடுத்த வளைவுல கால் திரும்ப எடுக்கும்."

அங்கிள் வாசலில் நின்றிருந்தார். மெஷின் ஆனில் இருந்தது. அந்தச் சின்னப் பச்சை விளக்கு எனக்குத் தெரிந்தது. மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், காரைப் பார்த்தார். "சரியாயிடுச்சா?"

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் வழக்கமான பதில் 'இன்னும் தெரியலப்பா' என்பதுதான். அன்றைக்கு அக்கா, "வண்டி சரியாயிடுச்சு," என்றார். "நான் பழகணும்."

"அப்போ ஓட்டுறத விடமாட்ட."

"விடமாட்டேன்."

அங்கிள் பெருமூச்சு விட்டார். ஆனால் முகத்தில் வருத்தம் இருக்கவில்லை. இவள் 'சரி' என்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் படுக்கப் போகக்கூடிய அப்பா அவர். "உன் ஜெபத்தத்தான் ஆண்டவர் கேட்கிறாரு," என்று முனகிக்கொண்டே, காரின் பின்புறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இன்றைய நிலவரம். அக்காவும் அங்கிளும் இப்போது வெளிநாட்டில், அங்கே குடியேறிய அக்காவின் தம்பி குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே அவர் அதே வேலை பார்க்கிறார். வேறொரு பழைய கார் வாங்கியிருக்கிறார். வீடியோ அழைப்பில் அங்கிள் "மருமகன் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் மெஷினை அணைத்துவிடுகிறார். போகும்போது அக்கா விட்டுப்போன சிவப்புக் கார் என்னிடம் இருக்கிறது; மல்லேஸ்வரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் நிற்கிறது. இப்போது டிராக்கில் அதை ஓட்டுவது நான். போன டிராக் நாளில், அதே வளைவில், அது என்னோடு சுழன்றது. திரும்பி வந்து ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். இரும்புக் கை தடையில்லாமல் ஏறி இறங்குகிறது. புஷ் ரப்பரில் விரிசல் இல்லை. போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன. டயரில் காற்று சரி. வண்டியில் குறை எதுவும் இல்லை. காலை எடுத்தது நான்.